பெயர் 2500+, ஓடுவது 1833: அத்லான் எக்ஸ்பியோடு பல வருடம்

ஏஎம்டி கம்பெனியின் அத்லான் எக்ஸ்பி 2500+ பிராசசர், அதில் பார்ட்டன் என்ற வகை. முதலில் பல வருடம் என் முதன்மைக் கணினியில் இருந்தது, அப்புறம் மூலையில் ஃபைல் சர்வராக உட்கார்ந்திருந்தது. இத்தனை பழைய பிராசசருக்கு இப்போது எதற்கு அனுபவப் பகிர்வு என்றால், பெட்டி மேல் இருக்கும் எண்ணுக்கும் உள்ளே ஓடும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதை எனக்கு இதைவிட நன்றாக எதுவும் காட்டியதில்லை.

2500+ என்றால் 2500 மெகாஹெர்ட்ஸ் இல்லை. பஸ் (பிராசசரை மதர்போர்டோடு இணைக்கும் பாதை) ஓடும் வேகம் 166, துல்லியமாக 166.67, அதைப் பெருக்கும் பெருக்கி 11, மொத்தம் 1833 மெகாஹெர்ட்ஸ், அவ்வளவுதான். விற்றவர்கள் பலரும் "2.5 கிகா" என்றே சொல்லி விற்றார்கள், வாங்கியவர்களும் நம்பினார்கள்.

ஏஎம்டி இப்படிப் பெயர் வைத்ததற்குக் காரணம் இருந்தது. 2000 நவம்பரில் இன்டெல் பென்டியம் 4ஐ 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸில் இறக்கியது. பைப்லைன், அதாவது ஒவ்வொரு கட்டளையும் கட்டம் கட்டமாக நகரும் வரிசை, பென்டியம் 3இல் 10 கட்டமாக இருந்தது, இதில் 20 கட்டம். வேலையைச் சின்னச் சின்னதாக நறுக்கிவிட்டால் ஒவ்வொரு கட்டமும் சீக்கிரம் முடியும், கடிகாரத்தை ஏற்றிக்கொண்டே போகலாம், ஆனால் ஒரு துடிப்பில் நடக்கும் வேலை குறைந்துவிடும், அதுவும் புரோகிராம் எந்தப் பக்கம் திரும்பும் என்று பிராசசர் முன்கூட்டிப் போட்ட கணக்கு தப்பினால், பாதி வழி வந்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஆரம்பத்திலிருந்து நிரப்ப வேண்டும். அதனால்தான் கடைசிக் கால 1.4 கிகா பென்டியம் 3, ஆரம்பக் கால பென்டியம் 4ஐப் பல வேலைகளில் முந்தியது. ஆனால் வாங்குகிறவர் பார்ப்பது கிகாஹெர்ட்ஸை மட்டும்தானே. அந்தக் கணக்கில் ஏஎம்டி தோற்றுக்கொண்டே போனது. 2001 அக்டோபரில் 1333 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு 1500+ என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். அதிகாரபூர்வமாக அந்த ஒப்பீடு தங்களுடைய பழைய அத்லானோடுதான் என்றார்கள். யார் நம்புவது? எல்லோரும் அதை பென்டியம் 4இன் மெகாஹெர்ட்ஸாகத்தான் படித்தார்கள், அப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசையும் என்று நினைக்கிறேன்.

(இது ஏஎம்டி புதிதாகக் கண்டுபிடித்த உத்தியும் இல்லை. 1990களிலேயே சைரிக்ஸ் என்ற கம்பெனி தன் 6x86 வரிசையில் 133 மெகாஹெர்ட்ஸ் சிப்பை, 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்குச் சமம் என்ற பொருளில், பிஆர்166+ என்று விற்றது. அலுவலக வேலைக்கு அந்த எண் சரியாகவே இருந்தது, தசமக் கணக்கு நிறைய வரும் முப்பரிமாண விளையாட்டுகளில் பரிதாபம்.)

சரி, என் 2500+ தன் பெயருக்குத் தகுந்தபடி ஓடியதா? என்ன வேலை கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சி நிரல்களை கம்பைல் செய்வது, பெரிய ஜிப் கோப்புகளை விரிப்பது, அந்தக் காலத்து விளையாட்டுகள், இதிலெல்லாம் 2.4 கிகா பென்டியம் 4 வைத்திருந்தவர்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதே இல்லை. வீடியோவை டிவ்எக்ஸ் வடிவத்துக்கு மாற்றும்போது கதை வேறு. அந்த மென்பொருள்கள் எஸ்எஸ்இ2 கட்டளைகளை (ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்குப் போட வைப்பவை) நன்றாகப் பயன்படுத்தும், பென்டியம் 4இல் அவை உண்டு, அத்லான் எக்ஸ்பியில் கிடையாது, ஆக அங்கே 2500+ என்பது கொஞ்சம் வாய்ச்சவடால்தான். எண் மேலே போகப் போக இந்தச் சவடால் கூடியது. 2200 மெகாஹெர்ட்ஸில் ஓடிய 3200+, 800 பஸ்ஸும், ஒரு கோரை இரண்டு போலக் காட்டும் ஹைப்பர் த்ரெட்டிங்கும் உள்ள 3.2 கிகா பென்டியம் 4க்குச் சமம் என்றால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

எண் பெரிதாக இருந்ததுகூடப் பெரிய குழப்பம் இல்லை. ஒரே எண்ணுக்குள் பல வேகம் இருந்ததுதான் தலைவலி. அத்லான் எக்ஸ்பி 2600+ என்று மூன்று சிப் வந்தன: 2133, 2083, 1917 மெகாஹெர்ட்ஸ். முதலாவதன் பஸ் 266, அடுத்த இரண்டுக்கும் 333 (ஒரு துடிப்பில் இரண்டு முறை தரவு போவதால் 133ஐ 266 என்றும் 166ஐ 333 என்றும் சொல்வார்கள்), கடைசியில் இருப்பது பார்ட்டன், அதில் எல்2 கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன வேக நினைவகம், இரண்டு மடங்கு, 512 கேபி. கேஷ் கூடியதால் கடிகாரத்தைக் குறைத்துக்கொண்டு அதே பெயரை வைத்துவிட்டார்கள். கேஷை நம்பும் வேலைக்கு அது நியாயமான பண்டமாற்று, நம்பாத வேலைக்கு வெறும் நஷ்டம். அப்புறம் 2004இல் ஏஎம்டியின் மலிவு வரிசையான செம்ப்ரான் வந்தது, அதன் எண் இன்டெலின் மலிவு வரிசையான செலரானோடு ஒப்பிட்டு வைத்தது. அத்லான் எக்ஸ்பி 2400+ ஓடுவது 2000 மெகாஹெர்ட்ஸ், செம்ப்ரான் 2400+ ஓடுவது 1667. ஒரே கம்பெனி, ஒரே சாக்கெட், ஒரே எண்.

இந்தப் பெருக்கல் கணக்கு எனக்கு மனப்பாடமானது மதர்போர்டின் பேட்டரி தீர்ந்த அன்று. மெஷின் திடீரென்று ஊர்ந்தது. மறுபடி தொடங்கிப் பார்த்தால் கறுப்புத் திரையின் மேல் மூலையில் 2500+ என்ற பெயரையே காணோம், வெறுமனே "அத்லான் 1100 மெகாஹெர்ட்ஸ்" என்று நின்றது. சிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி போனதும் பயாஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) தன் அமைப்புகளை மறந்து, பாதுகாப்புக்காக பஸ்ஸை 100க்கு இறக்கிவிட்டது, நூறு பெருக்கல் பதினொன்று. பயாஸுக்குள் போய் 133 வைத்தால் 1467, அது 1700+ஓடும் வேகம். 166 வைத்தால்தான் 2500+. 200 வைத்தால் 2200, அதாவது 3200+! நானும் அப்படிச் சில மாதம் ஓட்டினேன். மெமரி டிடிஆர்400 ஆக இருந்ததால் தாங்கியது, ஆனால் மின்விசிறிச் சத்தம் காதைக் கிழித்ததால் திரும்ப இறக்கிவிட்டேன். 266 பஸ்ஸுக்கு மேல் போகாத பழைய போர்டில் 2500+ஐச் செருகியவர்கள் என்ன ஆனார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காசு கொடுத்தது 2500+க்கு, கிடைத்தது கேஷ் கூடிய 1700+.

கடைசியில் இந்தச் சிப்பை ஓய்வுக்கு அனுப்பியது வேகமும் இல்லை, சூடும் இல்லை, அதே எஸ்எஸ்இ2தான். எஸ்எஸ்இ2 இல்லாத சிப்புகளை குரோம் 2014இல் கைவிட்டது, விண்டோஸில் ஃபயர்ஃபாக்ஸ் 2016இல் 49ஆம் பதிப்போடு கைவிட்டது, விண்டோஸ் 8 ஏறவே ஏறாது. மாடல் எண்ணும் அதைச் சொல்லவில்லை, மெகாஹெர்ட்ஸும் சொல்லவில்லை.

இன்டெலும் 2004இல் கிகாஹெர்ட்ஸைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டு எண்களுக்கு மாறியது. இப்போது ஐ5-8250யு என்றால் அடிப்படை வேகம் 1.6, உச்சம் 3.4 கிகாஹெர்ட்ஸ், அந்த உச்சம் எத்தனை நேரம் நிற்கும் என்பது லேப்டாப்பின் மின்விசிறி கையில். ஏஎம்டியில் ரைசன் 5 7520யு என்பது ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர். 7530யு என்பது ஜென் 3, ஆறு கோர். இந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் தலைமுறை. 7000 வரிசை என்றதும் எல்லாம் புதுசு என்று நினைத்து வாங்காதீர்கள். வாங்கிய பிறகு, பிராசசரின் வேகத்தைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து, நீங்கள் தினமும் செய்யும் வேலையையே அரை மணி நேரம் ஓடவிட்டு, கோர் வேகம் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். நான் இப்போதெல்லாம் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுகிறேன்.