ரீகாவில் கேமராவுடன் ஒரு கட்டடக்கலை நடை

லாட்வியாவின் தலைநகரான ரீகாவில், கட்டடங்களைப் படமெடுக்க விரும்புவோருக்காக நடத்தப்படும் வழிகாட்டி நடையொன்றில் கோடை மாலையில் கலந்துகொண்டேன். வளைகோடுகளும் அலங்காரச் சிற்பங்களும் நிறைந்த, 1900ஐ ஒட்டிய காலத்து ஆர் நூவோ கட்டடப் பாணியை நேசிப்பவர்களுக்கு அதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

மிகாயில் ஐசன்ஸ்டைன் வடிவமைத்து 1903இல் எழுந்த, எலிசபெத் தெருவின் 10பி எண் கட்டடத்தின் முன் வழிகாட்டி எங்களை நெடுநேரம் நிறுத்தினார். நீல ஓடுகளும் உச்சியிலிருக்கும் பெருமுகங்களும் யாரையும் உடனே ஈர்க்கும். ஆனால், சூரியன் தாழ்ந்து நின்று ஒளி பக்கவாட்டில் விழும்போதுதான் சுதைச் சிற்பங்களின் மேடுபள்ளங்கள் படத்தில் உயிர்பெறுகின்றன என்பதை அவர் பொறுமையாகக் காட்டிய விதமே இந்தச் சேவையின் உண்மையான பலம். குறுகலான ஆல்பர்ட்டா தெருவில் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் பின்னோக்கிச் சரிவதுபோல் தெரியும் என்பதால், எதிர்நடைபாதையிலிருந்து அகலக்கோண லென்ஸை மட்டமாகப் பிடித்து, கீழ்ப்பகுதியைப் பின்னர் வெட்டிக்கொள்ளச் சொன்னார். அருமையான யோசனை அது. 12ஆம் எண் வீட்டின் சுழல்படிக்கட்டைக் கீழிருந்து அண்ணாந்து படமெடுத்தது எனக்கு மிகவும் நிறைவளித்தது.

குழு சற்றுப் பெரியது. படிக்கட்டருகே காத்திருக்க நேர்ந்தது. பழைய நகரில் வணிகர் சங்கமொன்றின் இல்லமாக இருந்த, 1999இல் மீண்டும் கட்டி முடிக்கப்பட்ட கருந்தலையர் மாளிகையை அவசரமாகக் கடந்ததும் குறையே. பழைய நகருக்குத் தனியே ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிக்கொள்வது நல்லது.