முதுநிலை ஆய்வேடு: தரவுக் காப்பகமா, சிமுலேஷனா?

வானியற்பியல் முதுநிலைப் படிப்பில் ஆய்வேட்டுக்குத் தலைப்பு எடுக்கும் நேரம் வந்ததும் பெரும்பாலும் இரண்டு கதவுகள் திறந்திருக்கும். ஒன்று, விண்வெளித் தொலைநோக்கிகள் ஏற்கெனவே எடுத்துப் பொதுவில் வைத்திருக்கும் தரவை அலசுவது. இன்னொன்று, விண்மீனையோ விண்மீன் மண்டலத்தையோ கணினிக்குள் உருவாக்கி ஓடவிட்டுப் பார்ப்பது. நான் முதல் கதவைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சொந்தமாகத் தொலைநோக்கி நேரம் கேட்டு வாங்கும் வழியும் உண்டு. விண்ணப்பம், காத்திருப்பு, கிடைத்த ஒரே இரவிலும் மேகம் என்று போக வாய்ப்பிருப்பதால், ஓராண்டு வேலைக்கு அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். நிரல் எழுதுவது இரண்டுக்கும் பொது. கணிதமும் அப்படியே.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: நான் தப்பு செய்தால் அது எனக்கு எப்படித் தெரியும்?

என் ஆய்வேட்டுக்கு, பிற விண்மீன்களின் கோள்களைத் தேடும் நாசாவின் டெஸ் விண்கலத்தின் தரவை எடுத்துக்கொண்டேன். 2018-இல் ஏவப்பட்ட இது, வானத்தின் ஒரு பட்டையைச் சுமார் 27 நாள் விடாமல் பார்த்துவிட்டு அடுத்த பட்டைக்கு நகரும். இரண்டாவது மாதத்தில் ஒரு விண்மீனின் ஒளிவளைவில், அதாவது நேரத்துக்கு எதிராக அதன் ஒளியை வரைந்த கோட்டில், அழகான பள்ளம் ஒன்று கிடைத்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை ஒளி கொஞ்சம் குறைந்து, மறுபடி ஏறியது. கோள் ஒன்று விண்மீனைக் கடக்கிறது என்றே நம்பினேன். அன்றிரவு தூக்கமே வரவில்லை.

வழிகாட்டி ஒரே ஒரு வேலை சொன்னார்: ஒற்றைப்படைப் பள்ளங்களைத் தனியாகவும் இரட்டைப்படைப் பள்ளங்களைத் தனியாகவும் அடுக்கிப் பார். அடுக்கினேன். ஒன்று ஆழம், ஒன்று ஆழம் குறைவு. ஒரே கோள் என்றால் எல்லாப் பள்ளமும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் ஒன்றையொன்று மாறி மாறி மறைக்கும் இரண்டு விண்மீன்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையான சுற்றுக்காலம் நான் கணக்கிட்டதைப் போல இருமடங்கு. டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் 21 வில்விநாடி அகலம் (ஒரு பாகையில் 3,600 வில்விநாடி). அவ்வளவு பெரிய சதுரத்துக்குள் பக்கத்து விண்மீனின் ஒளியும் சேர்ந்து விழுந்துவிடும். ஐரோப்பாவின் கையா விண்கலம் அளந்த விண்மீன்களின், 2022-இல் வெளிவந்த அட்டவணையில், சுமார் 180 கோடி ஒளிமூலங்களுக்கு நடுவே, என் விண்மீனை ஒட்டி மங்கலான ஒன்று இருப்பதைப் பார்த்தேன். பள்ளம் விழும் நேரத்தில் ஒளியின் மையம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அளந்தேன். அந்த மங்கலான விண்மீனை விட்டு விலகித்தான் நகர்ந்தது. ஒளி குறைந்தது அங்கேதான்; ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை அந்த மங்கலான புள்ளிதான்.

கோள் போய்விட்டது. ஆனால் பத்தே நாளில், கையில் இருந்த பொதுத் தரவை வைத்தே, எங்கே தவறினேன் என்று தெரிந்துகொண்டேன். அந்தச் சோதனைகளே ஆய்வேட்டின் ஒரு முழு இயலாக ஆயின.

சரி, சிமுலேஷனில்? ஒரு பருவம் முழுக்க வாயு மேகம் ஒன்று சுருங்குவதை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். என் அனுபவம் அவ்வளவுதான். அங்கே விடை விசித்திரமாக வந்தால் காரணம் இயற்பியலாக இருக்கலாம், நிரலில் பிழையாக இருக்கலாம், மேகத்தைக் கணக்கிட வெட்டிக்கொண்ட சிறு கட்டங்கள் போதிய நுணுக்கமாக இல்லாமலும் இருக்கலாம். பிரித்தறிய நுணுக்கத்தைக் கூட்டி மறுபடி ஓட்ட வேண்டும். முப்பரிமாணத்தில் ஒவ்வொரு பக்கமும் கட்டங்களை இருமடங்காக்கினால் மொத்தக் கட்டங்கள் 8 மடங்கு. கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னே நகரும் நேர அளவான காலப்படியையும் பாதியாக்க வேண்டும் என்பதால் வேலை 16 மடங்கு. ஒரு நாளில் முடிந்த ஓட்டம் இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்கும். கணினி வரிசையில் காத்திருப்பது தனி. ஓராண்டில் இப்படி எத்தனை தடவை சரிபார்க்க முடியும் என்று கணக்குப் போட்டால் பயமாக இருக்கிறது.

சிமுலேஷனுக்கென்று ஒரு பலம் உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டு விண்மீன் மண்டலங்கள் மோதி ஒன்றாவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். வானம் அதில் ஒரு கணத்தைத்தான் காட்டும். முழுக் கதையும் கணினியில்தான் ஓடும். மனசு அதில்தான் இருக்கிறதென்றால் போங்கள். ஆனால் வழிகாட்டியின் குழு பல காலம் ஓட்டிச் சோதித்த நிரலிலேயே தொடங்குங்கள். ஐந்தாண்டு முனைவர் பட்டத்துக்கு என் வாதம் இவ்வளவு வலுவாக நிற்காது என்றும் நினைக்கிறேன், அங்கே மறுபடி ஓட்ட நேரம் இருக்கும்.

காப்பகம் என்றதும் பிறர் விட்டுப்போன மிச்சம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். வானியலாளர் சிசிலியா பெய்ன் 1925-இல் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது ஹார்வர்டில் ஏற்கெனவே சேர்ந்துகிடந்த, விண்மீன் நிறமாலைகளைப் படமெடுத்த கண்ணாடித் தட்டுகளை. அதோடு, வெப்பநிலைக்கேற்ப அணுக்கள் எவ்வளவு எலக்ட்ரான் இழக்கும் என்று சொல்லும் இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாஹாவின் அயனியாக்கச் சமன்பாட்டைச் சேர்த்தார். விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்று விடை வந்தது. மூத்த வானியலாளரான ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அது நடக்காத காரியம் என்றதால், தன் முடிவைத் தானே நம்பத்தகாதது என்று எழுதிவைத்தார். 1929-இல் ரஸ்ஸலே வேறு வழியில் அதே விடைக்கு வந்து சேர்ந்தார்.