கேட்டுக்குள் போனவர் வெளியே வந்துவிட்டாரா? நோட்டு, டேப்லெட், கியூஆர், டோக்கன்: ஓர் ஒப்பீடு

எடைமேடை பழுதுபார்ப்பது என் தொழில். சென்னையில் மணலி, எண்ணூர் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகள், எண்ணெய்க் கிடங்குகள், ரசாயன ஆலைகள் என்று ஒரு நாளைக்கு நான்கைந்து கேட்டுகளில் போய் நிற்கிறேன். உள்ளே வருபவரைப் பதிய ஓரிடத்தில் நீள நோட்டு இருக்கிறது, அடுத்த இடத்தில் டேப்லெட், அதற்கடுத்த இடத்தில் சுவரில் ஒட்டிய கியூஆர் கோடு. எது நல்லது என்று பேச்சு வரும்போதெல்லாம், ஓர் ஆளை எத்தனை நிமிடத்தில் உள்ளே விடலாம் என்பதைத்தான் கணக்குப் போடுகிறார்கள். நான் பார்ப்பது வேறு. உள்ளே போனவர் வெளியே வந்துவிட்டார் என்பது கேட்டில் இருப்பவருக்குத் தெரியுமா?

ஒரு யார்டில் நடந்த தீ விபத்து ஒத்திகையில்தான் இது எனக்கு உறைத்தது. சங்கு ஊதியதும் எல்லோரும் கூடுமிடத்துக்கு வந்தோம். செக்யூரிட்டி நோட்டைத் திறந்து பெயர்களை வாசித்தார். காலையிலிருந்து 40 பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். 'வெளியேறிய நேரம்' கட்டத்தில் ஏழெட்டுப் பேர்தான் நிரப்பியிருந்தார்கள். லாரிக் கிளீனர் பையன் ஒருவனை அரை மணி நேரம் தேடினார்கள். அவன் மதியமே பின் கேட் வழியாக லாரியோடு போயிருந்தான். உண்மையான கசிவாக இருந்திருந்தால், இல்லாத ஒருவனைத் தேடி மூச்சுக்கவசம் மாட்டிய இரண்டு பேர் உள்ளே போயிருப்பார்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தை ஒட்டிய கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, தூக்கத்திலிருந்து எழுந்து மக்கள் ஓடிய பகுதி இது. அந்தப் பயம் எங்களுக்குப் புதிதில்லை.

முதலில் நோட்டு. மின்சாரம் வேண்டாம், நெட்வொர்க் வேண்டாம், விலையும் சொற்பம். சங்கு ஊதினால் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடலாம். மற்ற எதற்கும் இல்லாத பலம் அது. ஆனால் நூலில் கட்டிய பேனாவை எடுக்கும்போதே எனக்கு முன்னால் வந்த பத்துப் பேரின் கைபேசி எண்கள் கண்ணில் படுகின்றன. ஒரு பெண்ணின் எண் அங்கே திறந்து கிடப்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் காகிதத்திலேயே கிடக்கும் இந்த நோட்டைத் தொடாது. டிஜிட்டலாகப் பதியும் அல்லது பின்னால் டிஜிட்டலாக்கும் விவரங்களுக்கே அது பொருந்தும். வெளியேறும் நேரம் எழுதுவதும் வருபவரின் நல்ல மனதைப் பொறுத்தது. லாரி உறுமிக்கொண்டு நிற்கும்போது யார் இறங்கி வந்து எழுதுவார்?

டேப்லெட் இதைச் சரிசெய்யும் என்று நினைத்தார்கள். படம் பிடிக்கும், ஓ.டி.பி. அனுப்பும், பார்க்க வந்தவருக்குத் தகவல் கொடுக்கும், சீட்டு அடித்துத் தரும். ராஜாஜி சாலை அலுவலகங்களின் குளிரூட்டிய வரவேற்பறையில் இது நன்றாகவே வேலை செய்கிறது. எங்கள் கேட்டில் கதை வேறு. பதினொரு மணி வெயிலில் திரையில் ஓர் எழுத்தும் தெரிவதில்லை. கிரீஸ் படிந்த விரலைத் திரை உணர்வதில்லை. நான் சட்டையில் துடைத்துத் துடைத்து அழுத்தியிருக்கிறேன். ஒடிசாவிலிருந்து வந்த வெல்டர் ஒருவர் ஆங்கிலப் படிவத்தின் முன் விழித்துக்கொண்டு நின்றபோது, பின்னால் எட்டு லாரிகள் சேர்ந்துவிட்டன. கடைசியில் செக்யூரிட்டியே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தட்டச்சு செய்தார். டேப்லெட் வாங்குவதென்றால் அதை அவர் கையில்தான் கொடுக்க வேண்டும், நிழலில் உட்காரவைத்து. வருபவரைத் தட்டச்சு செய்யச் சொல்வது தவறு. இவ்வளவும் செய்தாலும், வெளியேறும்போது டேப்லெட்டைத் தொடுபவர் அபூர்வம். நோட்டில் காலியாகக் கிடந்த அதே கட்டம் இங்கே திரையில் காலியாகக் கிடக்கிறது.

கியூஆர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாகன உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக ஜப்பானில் 1994இல் உருவானது அது. பாகங்களுக்குப் பொருந்திய அளவுக்கு மனிதர்களுக்குப் பொருந்தவில்லை. பொத்தான் போன் வைத்திருப்பவர், டேட்டா தீர்ந்தவர், கண் மங்கியவர் எல்லோரும் கேட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். பயிற்சிக்கு வரும் மாணவர் கூட்டத்துக்கு முதல் நாளே இணைப்பை அனுப்பிவிடலாம் என்பது மட்டும் இதில் உண்மையான வசதி.

இனி டோக்கன். எண்ணெய், எரிவாயு கையாளும் இடங்களில் தீப்பொறி அபாயம் கருதி சாதாரணக் கைபேசியைக் கேட்டிலேயே வாங்கிக்கொண்டு, எண் போட்ட பித்தளை வில்லையோ பிளாஸ்டிக் அட்டையோ கொடுப்பார்கள். அங்கே ஒருவர்கூட வெளியேறியதைப் பதிய மறப்பதில்லை. கைபேசியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர் யார்? யாரும் திட்டமிடாமலே அமைந்த நல்ல ஏற்பாடு இது. வருபவருக்குத் தேவையான ஒன்று கேட்டில் இருந்தால் அவர் கேட்டுக்குத் திரும்பி வந்தே தீருவார்.

இதற்காக லாரி டிரைவரின் லைசென்ஸைப் பிடித்து வைப்பதை நான் ஏற்க மாட்டேன். அது அவர் பிழைப்பு. ஆதார் நகலும் வேண்டாம். அடையாளத்தைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் போதும்; 12 இலக்கத்தையும் நோட்டில் எழுதிவைக்க எந்தக் காரணமும் இல்லை. கைபேசியை வாங்க வேண்டாத இடத்தில் பைக்கில் வந்தவரின் ஹெல்மெட்டை வாங்கி வைக்கலாம், லாரியென்றால் அட்டையைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பிறகே வெளியேறும் கேட் பாஸில் முத்திரை போடலாம். டோக்கனுக்கும் குறை உண்டு. தொலையும், ஒருவர் அட்டையை இன்னொருவர் மாட்டிக்கொள்வார், இரண்டு கேட் இருந்தால் கணக்கு உதைக்கும். பின் கேட்டைப் பார்வையாளருக்கு மூடிவிடுவதுதான் அதற்கு வழி.

மருத்துவமனைக்கும் மனு கொடுக்கும் இடத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தாது. நோயாளியுடன் இருப்பவருக்குக் கைப்பட்டை கட்டும் முறை நல்லது. கட்டிலருகே நிற்க உரிமை உள்ளவர் யார் என்று நர்ஸுக்குப் பார்த்தவுடனே தெரிகிறது, படிக்கத் தெரியாத தாய்க்கும் சிரமமில்லை. சிங்காரவேலர் மாளிகையில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் வரும் முதியவருக்கோ முதலில் வேண்டியது எந்த மாடி, எந்த அறை என்ற பதிலும், உட்கார ஒரு நாற்காலியும், வரிசை எண்ணும்தான். தன் அரசு அலுவலகத்துக்குள் வர அவர் படம் கொடுக்க வேண்டியதில்லை. மாநகராட்சியின் மண்டல அலுவலகங்களுக்கும் இதையே சொல்வேன்.

ஆலைக்கும் கிடங்குக்கும் என் தேர்வு: நிழலில் செக்யூரிட்டி கையில் டேப்லெட், வருபவர் கழுத்தில் எண் போட்ட அட்டை, திரும்பி வந்த அட்டைகளை மாட்ட கேட் சுவரில் ஆணி அடித்த பலகை. பெயர், யாரைப் பார்க்க வந்தார், வண்டி எண், இந்த மூன்றுக்கு மேல் கேட்கத் தேவையில்லை. அந்த விவரங்களை எத்தனை நாளில் அழிப்பார்கள் என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்ட வேண்டும். மின்சாரம் போனாலும் பலகை பேசும்.

போன மாதம் ஒரு கிடங்கில் அப்படியொரு பலகையைப் பார்த்தேன். 30 ஆணிகள், 30 அட்டைகள். மாலை ஆறு மணிக்கு என் அட்டையை மாட்டிவிட்டுத் திரும்பினேன். கேட்டில் இருந்த அம்மா பலகையை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். 11ஆம் ஆணியும் 24ஆம் ஆணியும் காலியாக இருந்தன. உடனே போனை எடுத்தார். "அண்ணா, பெயிண்டர் இரண்டு பேர் இன்னும் தொட்டிமேல் இருக்கிறார்கள். இருட்டுவதற்குள் இறங்கச் சொல்லுங்கள்."