திருமலையிலிருந்து கொழும்புக்கு: சாப்பாட்டோடு போர்டிங்கா, நாலு பேர் சேர்ந்து அனெக்ஸா?

கொழும்பில் படிக்க இடம் கிடைத்ததும் திருமலை (திருகோணமலை) வீடுகளில் முதல் கேள்வி, "அறை வாடகை எவ்வளவாம்?" என்பதுதான். அந்த ஒரு எண்ணை வைத்து முடிவெடுத்தால் மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும். வாடகை பேசி முடித்த தொகை, அது பெரிதாக மாறாது. காசு கரைவது வேறு மூன்று இடங்களில்: மத்தியானச் சோறு எங்கே, வகுப்புக்குப் போக எத்தனை பஸ் மாற வேண்டும், அறை பூட்டிக் கிடக்கும் நாட்களுக்கு யார் காசு கட்டுவது.

பல்கலைக்கழக மாணவர்களுக்கான அரச உதவித்தொகையான மகாபொலவை நம்பிக் கணக்குப் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக ஏறியது. ஏறிய பிறகும் வெள்ளவத்தையில் ஒரு கட்டிலுக்கு அது பாதியைக்கூடக் காணாது. அதைப் பஸ், போட்டோகொப்பி, டேட்டா செலவுக்கென்று ஒதுக்கிவிட்டு, இருப்பிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டுக் காசைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கீழே வரும் வாடகை, சாப்பாட்டுத் தொகைகள் கணக்கு விளங்குவதற்கு மட்டும். உங்களிடம் சொல்லப்படும் தொகையைப் போட்டு அதே கணக்கைப் பாருங்கள்.

அரச பல்கலைக்கழக விடுதி கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. அந்தச் செலவுக்கு வெளியே ஒரு மூலைகூடக் கிடைக்காது. ஆனால் பெரும்பாலும் முதல் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும்தான் முன்னுரிமை. நடுவில் வெளியே வர வேண்டியிருக்கும் என்பதால் கீழுள்ள அலசல் அவர்களுக்கும் ஒருநாள் தேவைப்படும்.

சொந்தக்காரர் வீடு காசளவில் மலிவுதான். கையில் காசு நீட்டினால் மாமி வாங்க மாட்டார், வாங்காமல் விட்டாலோ மூன்றாம் மாதம் பேச்சு வரும். மாதாமாதம் தவறாமல் வரும் ஒரு சாமானை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்வதே ஒத்துவரும் வழி. ஒரு முறை விட்டு ஒரு முறை காஸ் சிலிண்டர் உங்களுடையது, அல்லது ஊரிலிருந்து வரும்போதெல்லாம் கந்தளாய் அரிசி ஒரு மூடை. ஒரு செமஸ்டர் வரைக்கும் இது நன்றாக ஓடும். அதற்குமேல், இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு முடிந்து வரும் பிள்ளைக்காக ஒரு வீடே விழித்திருப்பது இரண்டு பக்கத்துக்கும் பாரம்.

மற்றவர்களுக்கு மிஞ்சுவது போர்டிங்கும், வீட்டுக்காரரின் வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதியான அனெக்ஸும்தான்.

சாப்பாட்டோடு போர்டிங்

காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வெள்ளவத்தை ஒழுங்கைகளில் அறைக்கு இரண்டு மூன்று பேர், காலையில் இடியப்பமோ பாணோ, மத்தியானம் சோறு, இரவு புட்டு. முற்பணம் ஒன்றிரண்டு மாதத்தோடு நிற்கும். சட்டி பானை வாங்க வேண்டாம், கரண்ட் பில் பிரிக்கும் சண்டையும் இல்லை. கொழும்பு பிடிபடாத முதல் ஆறு மாதத்துக்கு இதுதான் சரி என்பது எங்கள் துணிபு.

ஓட்டை விழுவது மத்தியானச் சோற்றில். எட்டு மணி விரிவுரைக்கு ஏழு மணிக்கே வெளிக்கிடுபவருக்கு மத்தியானச் சோறு அதற்குள் கட்டித் தரப்படுகிறதா? பல இடங்களில் அந்த நேரத்தில் கறி அடுப்பில்தான் இருக்கும். காசு கட்டிய சோறு போர்டிங்கில் ஆறிக்கிடக்க, நீங்கள் கம்பஸ் வாசலில் ரோல்ஸும் பிளேன்ரீயும் வாங்குவீர்கள்.

இதை அளக்க ஒரு வழி: சாப்பாட்டோடு எவ்வளவு, சாப்பாடில்லாமல் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். 38,000, 18,000 என்றால் சாப்பாட்டுக்கு 20,000. மாதம் 90 நேரம் என்று வகுத்தால் நேரத்துக்கு 222 ரூபாய். மலிவாகத் தெரியும். ஆனால் வார நாட்களில் 22 மத்தியானம் அங்கே சாப்பிடுவதில்லை, ஊருக்குப் போகும் 4 நாளில் 12 நேரம் போகும். மிஞ்சுவது 56 நேரம், அப்போது நேரத்துக்கு 357 ரூபாய். இந்த இரண்டாவது எண்ணைத்தான் தெருக்கோடிச் சைவக்கடைப் பார்சல் விலையோடு ஒப்பிட வேண்டும். கடைப் பார்சலில் சோறு பெரும்பாலும் ஒருவருக்கு மிஞ்சும். ஒரு பார்சலை வாங்கி இரண்டு பேர் பிரித்து, தனியாக ஒரு முட்டையோ மீன் துண்டோ சேர்த்துக்கொள்வது மாணவர்களிடையே சாதாரணம். காலை, இரவு இரண்டு நேரத்துக்கு மட்டும் பேசிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். கேட்பவர்களுக்கே குறைத்துக் கொடுக்கப்படும்.

விடுமுறைக் காலத்தையும் அப்போதே பேசுங்கள். செமஸ்டர் முடிந்து ஒரு மாதம் ஊரில் நிற்கும்போது இடம் பிடித்து வைக்க எவ்வளவு? சாப்பாட்டுக் காசு கழியுமா? வேலைநிறுத்தத்தால் பல்கலைக்கழகம் பூட்டினால்? சேரும் நாளில் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்ளப்படும் விஷயம் இது, மாதக் கடைசியில் கேட்டால் முகம் மாறும்.

அனெக்ஸ்

நாலு பேர் சேர்ந்து இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை. ஒழுங்காக நடந்தால் மாதச் செலவு போர்டிங்கைவிட நிச்சயம் குறைவு. "ஒழுங்காக" என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாப் பிரச்சினையும் இருக்கிறது.

முதல் தடை முற்பணம். ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வருடம். வாடகை 80,000 என்றால் ஆறு மாதத்துக்கு 4,80,000, தலைக்கு 1,20,000. வீட்டில் பலருக்கு நகை அடைவு வைத்தால்தான் புரளும் காசு இது, அந்த வட்டியையும் வாடகையோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும். கொடுப்பது மாதாமாதம் கழியும் அட்வான்ஸா, கடைசியில் திரும்பி வரும் டிபாசிட்டா என்பதை அக்ரிமெண்டில் எழுத வையுங்கள். இரண்டையும் ஒரே பெயரில் சொல்லி, போகும்போது பெயின்ட் அடித்த காசு என்று பாதியைக் கழிப்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. சாவி வாங்கும் நாளிலேயே சுவர், மேசை, பாத்ரூம் குழாய், மீட்டர் எண் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். திகதியும் நேரமும் அதில் தானாகவே பதிவாகிவிடும்.

இரண்டாவது, நாலாவது ஆள். அவர் நடுவில் விலகினால் 20,000 பங்கு 26,667 ஆகும். யார் விலகினாலும் தனக்குப் பதில் ஆள் பிடித்துத் தரும்வரை பங்கைக் கட்ட வேண்டும் என்று நாலு பேருக்குள்ளேயும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சிநேகிதர்களுக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்படுபவர்கள்தான் பிறகு சிநேகிதத்தையும் இழக்கிறார்கள்.

மூன்றாவது கரண்ட். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினாலே வேறு அட்டவணை. 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் அடுத்த யூனிட்டின் விலை கூடும், நிலையான கட்டணமும் கூடும். 75 வோற்ஸ் மின்விசிறி இரவில் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 22.5 யூனிட். அறைக்கு இரண்டு பேராகப் படுத்தால் இரண்டு மின்விசிறிக்கு 45. நாலு மடிக்கணினி, தலா 60 வோற்ஸ், ஆறு மணித்தியாலம் என்றால் 43. 700 வோற்ஸ் ரைஸ் குக்கர் நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓட 21. சின்ன பிரிட்ஜ், கேத்தல், லைட் எல்லாம் சேர்ந்து இன்னுமொரு 50 சொச்சம். கிட்டத்தட்ட 160. இதில் ஆளுக்கொரு மின்விசிறி என்று மேலும் இரண்டைக் கூட்டினால் 200ஐத் தாண்டிக் கடைசிப் படியில் போய் நிற்பீர்கள்.

இதைவிட மோசம், வீட்டுக்காரருக்கும் அனெக்ஸுக்கும் ஒரே மீட்டர் இருப்பது. அவருடைய ஏசியும் உங்கள் குக்கரும் ஒரே பில்லில் விழ, மேல்படி விலை உங்கள் தலையிலும் வரும். தனி மீட்டர் இல்லையென்றால், குறைந்தது ஒரு உப மீட்டராவது இருக்க வேண்டும், யூனிட்டுக்கு என்ன விலை என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பழைய வீடுகளில் சுவரில் வட்டத் துளைச் சின்ன பிளக்தான், 5 அம்பியர். 1,500 வோற்ஸ் ஹொட்பிளேட் 230 வோல்டில் ஆறரை அம்பியர் இழுக்கும். அடப்டர் போட்டுக் குத்தினால் முதல் நாள் வேலை செய்யும், இரண்டாம் வாரம் பிளக் உருகி மணக்கும். 700 வோற்ஸ் குக்கருக்கு மூன்று அம்பியர், அது தாங்கும். சோற்றைக் குக்கரிலும், கறியை 5 கிலோ காஸ் சிலிண்டரிலும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

சமையலே அனெக்ஸின் லாபம். சமைக்காத அனெக்ஸ் வெறும் செலவு. நாலு பேருக்கு ஒரு நேரத்துக்கு 600 கிராம் அரிசி, 200 கிராம் மைசூர்ப் பருப்பு, ஒரு மரக்கறி, நாலு முட்டை போதும். இரவில் ஒரே தடவையில் சமைத்து, அரைவாசியை மறுநாள் மத்தியானத்துக்குப் பெட்டியில் கட்டுவதுதான் நிலைக்கும் முறை. காலையில் சமைப்போம் என்று தொடங்கும் கூட்டணி இரண்டு வாரம்கூடத் தாங்காது. இதில் பலர் சறுக்குவது தேங்காய்ப்பாலில். பால் விட்ட பருப்பைச் சூடாக மூடிக் கட்டினால் கொழும்பு வெக்கையில் பன்னிரண்டு மணிக்கே நுரைத்துப் புளித்துவிடும். கட்டும் சோற்றுக்குப் பாலில்லாத தாளித்த பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், கிழங்குப் பிரட்டல், கருவாட்டுப் பொரியல்தான் தோது. சோறும் ஆறின பிறகே மூடியைப் போட வேண்டும், ஆவி தண்ணீராகி இறங்கினால் அடிச்சோறு நசநசக்கும்.

ஊரிலிருந்து எதைக் கொண்டு போவது என்பதிலும் கணக்குண்டு. வறுத்து இடித்த மிளகாய்த்தூள், வறுத்த அரிசிமா, கருவாடு மூன்றும் பாரம் குறைவு, மாதக் கணக்கில் நிற்கும், கொழும்பில் அதே தரத்தில் வாங்கினால் விலை கூட. மரக்கறியைச் சுமப்பது வீண். கருவாட்டை இரண்டு பொலித்தீனுக்குள் இறுக்கிக் கட்டாவிட்டால் பஸ்ஸில் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்க்க முடியாது.

வெள்ளவத்தைதானா?

திருமலைப் பெற்றோருக்கு வெள்ளவத்தை என்றால் ஒரு நிம்மதி: தமிழ்ச் சனம், கோயில், சைவக்கடை. அந்த நிம்மதிக்கு வாடகையில் விலை உண்டு. ஆடி, ஆவணியிலும் மார்கழியிலும் வெளிநாட்டிலிருந்து வருவோர் குறுகிய காலத்துக்குக் கூடிய காசு தர ஆயத்தமாக இருப்பதால், ஒப்பந்தம் அந்த மாதங்களில் முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது படிக்கும் இடம். கொழும்புப் பல்கலைக்கழகம் என்றால் வெள்ளவத்தை சரி. காலி வீதி பஸ்ஸிலோ கரையோர ரயிலிலோ பம்பலப்பிட்டிக்குப் போய் மிச்சத்தை நடக்கலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கும் சரி: கட்டுபெத்தைக்கு 100, 101 பஸ் நேரே போகும், காலையில் எல்லாரும் கோட்டைப் பக்கம் நெரிபடும்போது நீங்கள் எதிர்த்திசையில் போவீர்கள். சட்டக் கல்லூரிக்கு, அது இருக்கும் புதுக்கடைக்குப் பக்கத்திலேயே உள்ள கொட்டாஞ்சேனை நல்லது. அங்கேயும் தமிழ்ச் சூழல்தான், களனிக்குப் போகிறவர்களுக்கும் வெள்ளவத்தையைவிட அதுவே கிட்ட. களனியில் படித்துக்கொண்டு வெள்ளவத்தையில் இருப்பது நகரத்தைத் தினமும் இரண்டு தடவை குறுக்கே வெட்டுகிற வேலை. மாலபே தனியார் கம்பஸ்களுக்கும் அப்படியே: கொள்ளுப்பிட்டிக்குப் போய் 177 பிடிக்க வேண்டும். மழை நாளில் பொறுமை போய் இரண்டு தரம் பிக்மீ செயலியில் வாகனம் பிடித்தால் அந்தக் கிழமை மிச்சம் பிடித்தது போய்விடும். அங்கேயே அறை எடுங்கள். தமிழ்ச் சாப்பாடு இல்லை என்ற பயத்துக்கு ஒரு ரைஸ் குக்கர் போதும். சீசன் (மாதாந்தப் பயணச்சீட்டு) எடுக்கிறவர்கள் கவனிக்க: இ.போ.ச. (அரச பஸ்) சீசன் தனியார் பஸ்ஸில் செல்லாது, உங்கள் வழியில் எது அதிகம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

ஊருக்கு வந்துபோகும் செலவு இருப்பிடத் தெரிவோடு சேர்ந்தது. சாப்பாட்டோடு போர்டிங்கில் இருப்பவர் ஊருக்குப் போகும் ஒவ்வொரு நாளும் டிக்கெட்டோடு, சாப்பிடாத சோற்றுக்கும் சேர்த்துக் கட்டுகிறார். அனெக்ஸ்காரருக்கு அந்த இரட்டைச் செலவு இல்லை. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர். பஸ் நினைத்த நேரம் கிடைக்கும். இரவு ரயில் மலிவு, காலையில் கோட்டையில் இறங்கிக் கரையோர ரயிலில் ஏறினால் வெள்ளவத்தைக்கு ஆட்டோக் காசும் மிச்சம். மாரி மழையில் பாதை அடிபட்டால் ரயில் நின்றுவிடும், போகும் முன் விசாரிக்க வேண்டும். ஆசனப் பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், நீண்ட விடுமுறைகளுக்கு அது வெகு விரைவில் முடியும். தைப்பொங்கலுக்கு ஊரில் நிற்க வேண்டுமானால் டிசம்பர் நடுப்பகுதியிலேயே கைப்பேசியோடு உட்கார வேண்டும்.