கோடிபெண்டன்சிக்கு உதவி: எந்தச் சேவை தேறுகிறது, எது தேறவில்லை

துணையின் முகம் வாடினால் தன் நாளே போச்சு என்று கிடப்பது. அவர் செய்த தப்புக்கு இவர் போய் மன்னிப்புக் கேட்பது. அவருடைய குடியையோ கடனையோ ஊருக்குத் தெரியாமல் மூடி மறைப்பது. 'முடியாது' என்று சொல்ல வாயெடுத்து 'சரி' என்று முடிப்பது. இந்தப் பழக்கங்கள் எல்லாம் சேர்ந்ததைத்தான் கோடிபெண்டன்சி என்கிறார்கள். இதற்கு உதவுவதாகச் சொல்லும் சேவைகள் பல வகை. அவற்றை இங்கே ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறோம்: இந்தச் சேவை உங்களைச் சொந்தக் காலில் நிறுத்துகிறதா, இல்லை, நீங்கள் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆளைக் கொண்டுவந்து விடுகிறதா?

பணம் கட்டுவதற்கு முன் தெரிய வேண்டியது, இது அதிகாரபூர்வமான நோய்ப் பட்டியலில் இல்லை என்பது. 1986-ல் டிம்மன் செர்மாக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதைத் தனி ஆளுமைக் கோளாறாகச் சேர்க்கச் சொன்னார், சேர்க்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோய்க் கையேடான டிஎஸ்எம்-5-லும் இல்லை, 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-லும் இல்லை. டிஎஸ்எம்-5-ல் உள்ள சார்பு ஆளுமைக் கோளாறு வேறு சங்கதி. அதில் எட்டு அடையாளங்களில் குறைந்தது ஐந்து பொருந்த வேண்டும், பிறர் தன்னைத் தாங்க வேண்டும் என்பதே அதன் மையம். கோடிபெண்டன்சியில் பிறரைத் தாங்கித் தாங்கியே ஆள் தேய்ந்துபோகிறார். ஆகவே 'கோடிபெண்டன்சி நிபுணர்' என்ற பலகையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். அந்தப் பட்டத்தைத் தர உலகம் முழுக்கப் பொதுவான தேர்வோ உரிமமோ கிடையாது. கேட்க வேண்டியது, எந்தப் படிப்பு, எந்தப் பதிவு, எந்தச் சிகிச்சை முறையில் பயிற்சி என்பதைத்தான்.

தனிநபர் சிகிச்சைக்கே எங்கள் முதல் இடம். பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடமோ பயிற்சி பெற்ற ஆலோசகரிடமோ போகலாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதென்றால் மனநல மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும். மருந்து மனச்சோர்வையும் பதற்றத்தையும் தணிக்கும், 'சரி' என்று தலையாட்டும் பழக்கத்தை மாற்றாது. முறைகளில், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி வழக்கமாக 12 முதல் 20 செஷன் வரை போகும், வீட்டுப்பாடம் உண்டு. ஜெஃப்ரி யங் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய, சின்ன வயதில் படிந்த மனப்போக்குகளை ஆராயும் ஸ்கீமா தெரபி நீளமானது, ஓராண்டைத் தாண்டுவதும் சகஜம். அது வகைப்படுத்தும் 18 மனவார்ப்புகளில் தன்னைப் பலிகொடுப்பதும் பிறர் விருப்பத்துக்கு அடங்கிப்போவதும் தனித்தனியாக இடம்பெற்றிருக்கின்றன. சின்ன வயதிலேயே வீட்டில் பெரியவர்களைச் சமாளிக்கும் வேலை தலையில் விழுந்தவர்களுக்கு இதுதான் பொருந்தும் என்பது எங்கள் கணிப்பு. அடுத்த வாரமே ஒருவரிடம் 'முடியாது' என்று சொல்லியாக வேண்டிய நெருக்கடி என்றால், மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த, உணர்ச்சிகளைச் சமாளிக்கப் பழக்கும் டிபிடி சிகிச்சையின் உறவுத்திறன் பகுதி கைகொடுக்கும். கேட்பதையும் மறுப்பதையும் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிப் பழக்குவார்கள்.

முறையைவிட அறைக்குள் நடப்பதுதான் முக்கியம். செஷன் பெரும்பாலும் 50 நிமிடம். கோடிபெண்டன்சி உள்ளவர் அதில் 40 நிமிடம் துணையைப் பற்றியே பேசுவார்: அவர் ஏன் அப்படிச் செய்தார், அவரை எப்படித் திருத்துவது. சுமாரான ஆலோசகர் தலையாட்டிக்கொண்டே கேட்டு, அங்கே இல்லாத அந்த மனிதருக்கு நோய்ப்பெயரும் சூட்டி அனுப்பிவிடுவார். வந்தவருக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் ஒன்றும் மாறியிருக்காது. நல்ல ஆலோசகர் பாதியில் நிறுத்தி, "அவர் கோபப்பட்டார், சரி. அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், உடம்பு என்ன செய்தது, உங்களுக்கு என்ன வேண்டியிருந்தது?" என்று கேட்பார். கடைசிக் கேள்விக்குப் பலருக்குப் பதிலே வராது. சிகிச்சை தொடங்குவது அங்கேதான்.

வீட்டுப்பாடமும் அதே அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். 'எல்லை வகுத்துக்கொள்ளுங்கள்' என்பது பொத்தாம்பொதுவான அறிவுரை. யார் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், உடம்பில் என்ன உணர்ந்தேன், உண்மையில் என்ன சொல்ல நினைத்தேன் என்று நான்கு கட்டம் போட்டு ஒரு வாரம் எழுதச் சொல்வதுதான் பயிற்சி. அடுத்த படி, அவசரமில்லாத எந்தக் கோரிக்கைக்கும் 'நாளைக்குச் சொல்கிறேன்' என்று ஒரு நாள் அவகாசம் எடுப்பது. தொடங்குவது கடினமான உறவில் அல்ல, மறுத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாத இடத்தில். முதல் வாரமே துணையிடம் பெரிய நிபந்தனை போடச் சொல்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். பழகிய தலையாட்டல் நின்றால் எதிர்த்தரப்பு முதலில் முறுக்கத்தான் செய்யும். அதைத் தாங்கும் தயாரிப்பு இல்லாவிட்டால் இரண்டே நாளில் பழைய நிலைக்குத் திரும்பி, குற்றவுணர்வும் கூடவே சேர்ந்துகொள்ளும்.

இந்தச் சிகிச்சைக்கே உரிய பொறி ஒன்று உண்டு. இந்தப் பழக்கம் உள்ளவர் ஆலோசகரையும் தாங்க ஆரம்பித்துவிடுவார். வீட்டுப்பாடம் பலிக்காவிட்டாலும் பலித்தது என்பார், கட்டணம் கட்டுப்படியாகாவிட்டாலும் வாய் திறக்க மாட்டார், ஆலோசகர் களைத்திருக்கிறாரோ என்று பார்த்துத் தன் துக்கத்தைச் சுருக்கிக்கொள்வார். வெளியிலிருந்து பார்த்தால் பிரமாதமான முன்னேற்றம்! இதைக் கண்டுபிடிக்கும் ஆளா என்று அறிய, மூன்றாவது நான்காவது செஷனில் வேண்டுமென்றே சின்னதாக மாறுபட்டுப் பாருங்கள்: 'நீங்கள் போன வாரம் சொன்னது எனக்குப் பொருந்தவில்லை.' அவர் ஆர்வமாகக் கேட்டால் தொடரலாம். முகம் சுளித்தாலோ 'இது உங்கள் எதிர்ப்புணர்வு' என்று மடக்கினாலோ வேறு ஆளைத் தேடலாம்.

தம்பதி சிகிச்சை இரண்டாம் இடம்தான், அதுவும் நிபந்தனையோடு. வீட்டில் அடி, மிரட்டல், பண முடக்கம், போனை வேவு பார்ப்பது ஏதாவது இருந்தால் இது ஆபத்து; அறையில் சொன்ன உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். தேர்ந்த தம்பதி ஆலோசகர் தொடக்கத்திலேயே இருவரையும் தனித்தனியாகப் பார்த்து இதை விசாரிப்பார். அப்படிப் பார்க்காதவருக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம். தனியாகச் சொல்வதை மற்றவரிடம் சொல்வாரா மாட்டாரா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். வன்முறை உள்ள இடத்தில் பயந்து அடங்கிப்போவதற்குக் கோடிபெண்டன்சி என்று பெயர் சூட்டுவதே தவறு, அது உயிர் தப்பும் வழி. அங்கே முதல் வேலை பாதுகாப்புத் திட்டம். சந்திப்புக்குப் பொதுவான மின்னஞ்சலையோ துணை திறக்கக்கூடிய போனையோ பயன்படுத்தக் கூடாது.

துணைக்குக் குடியோ போதையோ இருந்தால், குடும்பத்தாருக்குப் பயிற்சி தரும் கிராஃப்ட் முறை தெரிந்தவரைத் தேடுவது நல்லது. ராபர்ட் மேயர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கியது. குடிக்காத நேரத்தைக் கவனித்து ஊக்குவிப்பது, குடியின் விளைவை அவரே அனுபவிக்க விடுவது, சிகிச்சைக்கு அழைக்கச் சரியான தருணத்தைப் பிடிப்பது, கூடவே குடும்பத்தாரின் சொந்த வாழ்க்கையை மீட்பது என்று தெளிவான பாடத்திட்டம் கொண்டது.

சுயஉதவிக் குழுக்களில், குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951-லிருந்து இயங்குகிறது. கோடிபெண்டன்சிக்கென்றே உள்ள கோடா 1986-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் தொடங்கியது. இரண்டும், குடியை விட உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழு வகுத்த பன்னிரண்டு படி முறையைப் பின்பற்றுபவை. கட்டணமில்லை, விரும்பினால் காணிக்கை. தன்னைப் போலவே மற்றவரும் பேசுவதைக் கேட்கும்போது வெட்கம் உடைகிறது, அது தனி அறையில் கிடைக்காது. குறை என்னவென்றால், நடத்துபவர் தொழில்முறை ஆள் அல்ல, கூட்டத்துக்குக் கூட்டம் தரம் மாறும். குழுவிலும் நாற்காலி அடுக்குவது முதல் எல்லோரையும் தேற்றுவது வரை தானே இழுத்துப் போட்டுக்கொள்ளும் ஆட்களைப் பார்க்கலாம். தனிச் சிகிச்சைக்குத் துணையாக வைத்துக்கொண்டால் நல்ல சேவை.

இணையவழி ஆப்களில் வீடியோ செஷன் பரவாயில்லை. 'எந்நேரமும் மெசேஜ் அனுப்பலாம்' என்ற திட்டம்தான் இந்தப் பிரச்சினைக்கு ஆகவே ஆகாது. மனம் கலங்கும்போதெல்லாம் இன்னொருவர் பதிலுக்காகத் திரையைப் பார்த்துக் காத்திருப்பதைத்தானே குறைக்க வந்திருக்கிறோம். தகவல் பாதுகாப்பையும் படித்துப் பார்க்க வேண்டும். பயனர்களின் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் எடுத்த நடவடிக்கையில், 2023-ல் பெட்டர்ஹெல்ப் என்ற இணையவழி ஆலோசனை நிறுவனம் 78 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 'ரிலேஷன்ஷிப் கோச்' என்று வருபவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் உரிமமும் இல்லை, புகார் கொடுக்க ஒரு மன்றமும் இல்லை.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன் 15 நிமிடம் போனில் பேசச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். இலக்கு என்ன, அதை எத்தனை செஷனுக்கு ஒருமுறை சரிபார்ப்பீர்கள், சிகிச்சை முடிந்தது என்று எதை வைத்துத் தெரியும் என்ற மூன்று கேள்விகள் போதும். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாதவரிடம் வருஷக்கணக்கில் போய்க்கொண்டே இருக்க நேரும். ஆறு செஷன் ஆகியும் அன்றாடத்தில் சின்ன மாற்றம்கூட இல்லையென்றால் அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். விலக முடிவெடுத்துவிட்டால், ரத்து விதியைப் பார்த்துவிட்டு, 'இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், அடுத்த சந்திப்பை ரத்து செய்யுங்கள், என் பதிவுகளின் நகல் வேண்டும்' என்று அனுப்பினால் போதும். காரணம் எழுத வேண்டியதில்லை, மன்னிப்பும் கேட்க வேண்டியதில்லை.