அடுக்குவதா, மடிப்பதா, புடைக்கவிடுவதா?

சில்லுகளில் நுண்ணிய வடிவங்களைப் பொறிக்கும் முறையான லித்தோகிராஃபிக்குத் தட்டையான பரப்புதான் பழக்கம். ஒரே தளத்தில் நுண்ணிய வடிவம் பொறிப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. உயரம் வேண்டும் என்றால் திணறும். அதனால் மெல்லிய சவ்வில் தட்டையாகப் பொறித்துவிட்டு, முப்பரிமாணத்தை அப்புறம் பார்த்துக்கொள்வது என்று பலரும் கிளம்பினார்கள்.

எனக்குப் பிடித்தது அடுக்கும் வழி. ஒன்றின் மேலேயே அடுத்ததைப் படியவைத்து, சமன்செய்து, பொறித்துக்கொண்டே போகும் பழைய முறையில் ஒவ்வொரு அடுக்கும் தேற 90 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். பத்து அடுக்கு ஏறுவதற்குள் அது 35 சதவீதமாகிவிடும். ஒன்பதாவதில் சொதப்பினால் கீழே உள்ள எட்டும் குப்பை. சிலிக்கான் நைட்ரைடு சவ்வுகளைத் தனித்தனியாகப் பொறித்தால், நுண்ணோக்கியில் பார்த்து நல்லதை மட்டும் பொறுக்கி அடுக்கலாம். சில நூறு நானோமீட்டர் சவ்வு வளைந்துகொடுக்கும். பரப்பு சுத்தமாக இருந்தால் பசைகூட வேண்டாம், மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பான வான் டெர் வால்ஸ் விசையே பிடித்துக்கொள்ளும். எதிரி தூசிதான். இடையில் ஒரு துகள் சிக்கினால் சவ்வு கூடாரம்போல எழும்பி, துகளைவிடப் பல மடங்கு அகலத்துக்கு ஒட்டாமல் நிற்கும். மேல் துளையும் கீழ்த் துளையும் நேராக அமைய வேண்டுமே, அது தனித் தலைவலி.

மடிப்பது பார்க்க அழகு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கிரேசியஸ் குழு தகடுகளுக்கு நடுவே சாலிடர் (எளிதில் உருகும் பற்றவைப்பு உலோகம்) கீல் வைத்தது. சூடாக்கினால் சாலிடர் உருகி உருண்டு திரளப் பார்க்கும். அந்த இழுப்பில் தகடுகள் எழுந்து பெட்டியாக மூடிக்கொள்ளும். பரப்பு இழுவிசை நீளத்தைப் பொறுத்தது, எடை நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது. ஆகவே பெட்டி சிறுக்கச் சிறுக்க இந்த வேலை சுலபமாகிறது. ஆனால் கிடைப்பது வெறும் கூடு.

சுருட்டும் வழியும் உண்டு. 2000இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் பிரின்ஸ் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது: அணு இடைவெளி பொருந்தாத இரட்டைப் படலத்தை அடித்தளத்திலிருந்து விடுவித்தால் தானே குழாயாகிவிடும். சுருளுக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

புடைக்கவிடும் முறை 2015இல் ஜான் ரோஜர்ஸ் குழுவினரிடமிருந்து வந்தது. இழுத்துப் பிடித்த சிலிக்கோன் ரப்பரில் படலத்தைச் சில புள்ளிகளில் மட்டும் ஒட்டிவிட்டு, ரப்பரைத் தளர்த்தினால் ஒட்டாத பகுதிகள் மேலே புடைக்கும். சிலிக்கானுக்கும் சரி, உலோகத்துக்கும் சரி, பொருந்தும். வலைபோன்ற உணரிகளுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் உள்ளே அடர்த்தியாக நிறைந்திருக்க வேண்டிய ஒளிப் படிகத்துக்கு (ஒளியின் போக்கைக் கட்டுப்படுத்தும் நுண் அமைப்பு) இந்தப் புடைப்பு உதவாது. அங்கே தூசியோடு மல்லுக்கட்டியாவது அடுக்கத்தான் வேண்டும்.