ரெடிமேட் காலம் ரிங்: ஆறு வருஷம் வாங்கிப் போட்ட அனுபவம்

கடலூர் பக்கம் வீடுகள் கட்டித் தருகிறேன். காலம் என்று நாங்கள் சொல்வது காங்கிரீட் தூணை. அதற்குள் நெட்டாக நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையம்தான் ரிங். ஆறு வருஷமாக எல்லா வீட்டுக்கும் மெஷினில் வளைத்த ரெடிமேட் ரிங்தான். மூன்று வீடுகளுக்கு நெட்டுக்கம்பியும் ரிங்கும் சேர்ந்த முழுக் காலம் கூட்டையே வெளியில் கட்டி வாங்கியும் பார்த்தாயிற்று.

எல்லோரும் முதலில் கேட்பது விலையை. வளைக்கும் கூலியையும் வீணாகும் துண்டுக் கம்பியையும் கழித்தால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான் இதை விடாமல் வாங்குவது, ரிங்கின் இரு முனையையும் உள்பக்கம் மடக்கும் கொக்கிக்காக. சைட்டில் பலகை போட்டுக் கையால் வளைக்கும்போது காலையில் 135 டிகிரி வரும் கொக்கி, சாயங்காலம் கை ஓய்ந்ததும் 90-லேயே நின்றுவிடும். மெஷின் ரிங் கட்டைப் பிரித்து அடுக்கினால் முதல் ரிங்கும் கடைசி ரிங்கும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்காரும்.

நிலநடுக்கத்தில் கவர், அதாவது ரிங்குக்கு வெளியே இருக்கும் காங்கிரீட், உதிர்ந்ததும் 90 டிகிரி கொக்கி வாயைத் திறந்துவிடும். பிடி விட்ட நெட்டுக்கம்பி வெளியே பிதுங்கும். 2001 குஜராத் பூகம்பத்தில் விழுந்த பல கட்டடங்களில் கண்ட குறை இது. அதே வருஷம் செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்த அதிர்வு நம் ஊர்களையும் ஆட்டியது. நிலநடுக்கம் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 13920 கேட்கும் கொக்கி நுனி, அதாவது மடிப்புக்கு அப்பால் நீளும் பகுதி, கம்பி விட்டத்தைப்போல் ஆறு மடங்கு. ஆனால் 65 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 8 எம்எம் ரிங்குக்கு 65 என்று எழுதிக் கொடுத்துத்தான் ஆர்டர் போடுகிறேன்.

அளவில் ஒருமுறை அடிபட்டேன். 230-க்கு 300 மி.மீ. காலத்துக்கு நாலு பக்கமும் 40 கவர் போக 150-க்கு 220 ரிங் சொன்னேன். கடைக்காரர் அதை உள்ளளவாக எடுத்துக்கொண்டார். வந்தது 166-க்கு 236. கவர் 32 ஆகக் குறைந்தது. அத்தனையும் திருப்பி அனுப்பினேன். அன்றிலிருந்து "வெளியளவு" என்று படம் போட்டே கொடுக்கிறேன்.

இன்னொன்றை நேரில் பார்த்தபோது மனசு பதறியது. ஸ்டார்டர் கம்பி (காலத்துக்காகக் கீழிருந்து நீட்டி விடும் கம்பி) நின்ற பிறகு மேலிருந்து ரிங் இறக்கச் சோம்பல்பட்டு, ஒரு பையன் ரிங்கைக் காலால் மிதித்துக் கொக்கியை நிமிர்த்திப் பக்கவாட்டில் நுழைத்துக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, "அப்புறம் மடக்கிடுவோம் சார்" என்றான். நிமிர்த்தி மடக்கிய கம்பியை நம்ப முடியாது. அந்தத் தூணில் போட்ட ரிங் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன்.

முழுக் கூடு எனக்குச் சரிப்படவில்லை. ஆறு 16 எம்எம் கம்பி, நாலு மீட்டர் உயரம், ரிங்கோடு சேர்த்து ஒரு கூடு சுமார் 48 கிலோ. தூக்க ஆள் இருந்தால் கஷ்டமில்லை. ஆனால் குட்டியானையில் அடுக்கி வரும்போது கட்டுக்கம்பி தளர்ந்து கூடு சாய்சதுரமாகிவிடுகிறது. குறுக்கே மூலைக்கு மூலை கம்பி கட்டி அனுப்பச் சொன்ன பிறகுதான் ஓரளவு நேராக வந்தது. அதைவிடப் பெரிய தொல்லை பீம் சேரும் இடம். அங்கே கட்டி வந்த ரிங் பீம் கம்பிக்கு இடைஞ்சல் என்று கீழே தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். காலமும் பீமும் சேரும் இடம் ரிங்கே இல்லாமல் நிற்கும்.

அதனால் இப்போது ரிங்கை மட்டும் வாங்கிக் கூட்டை சைட்டிலேயே கட்டுகிறோம். ஜாயின்ட்டுக்கு வேண்டிய ரிங்கில் சிவப்புத் துணி கட்டி முன்கூட்டியே காலத்தில் மாட்டிவிடுவோம். பீம் கம்பி உட்கார்ந்து, அந்த ரிங்கை அதனதன் இடத்தில் கட்டி முடித்த பிறகுதான் துணியை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்த துணிகளை எண்ணி வாங்கிக்கொண்ட பிறகே காங்கிரீட்டுக்குச் சரி என்கிறேன்.